எல்லைக்கோட்டைத் தாண்டிய பின் உடைந்த எஞ்சின்

கால் மைல் தூரத்தை முழுமையாக ஓடி முடித்து, எல்லைக்கோட்டைக் கடந்து, அன்றைய நாளின் மிகச் சிறந்த நேரமும் பலகையில் விழுந்துவிட்ட பிறகு, பிரேக் பிடித்த சில விநாடிகளுக்குள் என் மருமகனின் (அக்காவின் மகன்) 1970ஆம் ஆண்டு ஷெவ்ரலே ஷெவெல் காரின் எஞ்சின் உடைந்தது. நடந்த இடம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஓர் இழுவை ஓடுபாதை, அதாவது கார்கள் சோடி சோடியாக நேர்கோட்டில் ஓடிப் போட்டியிடும் பாதை (drag strip). செய்தி மட்டக்களப்புக்கு வந்ததும் எங்கள் கராஜுக்கு வந்துபோகிற எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். ஐம்பது வருடப் பழைய எஞ்சினில் வலுவைக் கூட்டி வைத்து, அதை அளவு மீறி மிதித்தால் உடையாமல் என்ன செய்யும் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வலுதான் எஞ்சினை உடைத்தது என்றால், கார் எழும்பிப் பாய்கிற முதல் அறுபது அடியில் உடைந்திருக்க வேண்டும். அல்லது மூன்றாம் கியரில் முழு மிதியில் நின்றபோது உடைந்திருக்க வேண்டும். மிதியிலிருந்து கால் எடுத்துவிட்ட பின்னர், எஞ்சினிடம் யாரும் எந்த வலுவையும் கேட்காத நேரத்தில், அது ஏன் உடைய வேண்டும்? இந்தக் கேள்விக்கு உடைந்த பாகங்களிலேயே பதில் இருந்தது. அதை விரிவாக எழுதி வைக்க விரும்புகிறேன், ஏனென்றால் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கும், பிஸ்டனை அதோடு இணைக்கும் கொன்ரொட்டும் உள்ள எந்த எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுத்தர அளவுள்ள ஒரு சாதாரணக் குடும்பக் காரின் உடலுக்குள் பெரிய வி-8 எஞ்சினை வைத்து விற்கும் வழக்கம் அமெரிக்காவில் 1964இல் பொன்டியாக் ஜீ.டி.ஓ. வந்தபோது சூடு பிடித்தது. 1970ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்டது. அதன் பின் காப்புறுதிக் கட்டணங்களும், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அதை அடக்கிவிட்டன. மருமகனின் கார் அந்த உச்ச ஆண்டைச் சேர்ந்தது. அவர் அதை இழுவை வண்டியில் ஏற்றிச் செல்பவர் அல்லர். இலக்கத் தகடும் காப்புறுதியும் உள்ள அந்தக் காரிலேயே வேலைக்குப் போவார், கடைக்குப் போவார், கோயிலுக்குப் போவார். ஓடுபாதைக்கும் அதையே ஓட்டிக்கொண்டு போய், ஓடிவிட்டு, அதிலேயே வீடு திரும்புவார். இந்த விடயம் முக்கியமானது. வீதிக்கும் போட்டிக்கும் ஒரே எஞ்சினைப் பாவிப்பவர், இரண்டு இடத்திலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஓட வேண்டியிருக்கும்.

அந்தக் காரில் இருந்தது 350 கன அங்குல எஞ்சின், அதாவது 5.7 லீற்றர். நான்கு வாய்க் காபரேற்றருடன் தொழிற்சாலை அதற்குக் கொடுத்த கணக்கு நிமிடத்துக்கு 4800 சுற்றில் 300 குதிரை வலு. அந்தக் காலக் கணக்கு, மின்பிறப்பாக்கி, காற்று வடிகட்டி, முழுமையான புகைக்குழாய் எதுவும் பூட்டாமல், வெறும் எஞ்சினைச் சோதனை மேடையில் வைத்து அளந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மருமகன் அதில் கெம்ஷாஃப்டை மாற்றினார், இன்டேக் மெனிஃபோல்டையும் காபரேற்றரையும் மாற்றினார், புகைக்குழாய்களை மாற்றினார், பின் அச்சில் 4.10 விகிதப் பற்சக்கரங்களைப் போட்டார். இந்தக் கடைசி மாற்றத்தைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். அவருடைய மூன்று வேக ஓட்டோ கியர்பெட்டியில் கடைசிக் கியர் ஒன்றுக்கு ஒன்று. 26 அங்குல உயரமுள்ள டயருடன் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீதியில் சும்மா போகும்போதே எஞ்சின் 3300 சுற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஓடுபாதையின் முடிவில் மணிக்கு 105 மைல், அதாவது 169 கிலோமீற்றர் வேகத்தில், முழு மிதியில் ஓட்டோ கியர்பெட்டியின் வழுக்கலும் சேர்ந்து, சுற்று 6000ஐ நெருங்கிவிடும்.

4800க்கும் 6000க்கும் உள்ள வித்தியாசம் காதுக்குச் சிறியதாகக் கேட்கலாம்; கொன்ரொட்டுக்கு அது சிறியதன்று. மேலே போகும் பிஸ்டனை நிறுத்திக் கீழே இழுப்பதற்குத் தேவையான விசை, சுற்று எவ்வளவு கூடுகிறதோ அதன் வர்க்கத்தில் கூடும். சுற்றைக் கால்வாசி கூட்டினால் விசை 56 சதவீதம் கூடும். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 3.48 அங்குலம், கொன்ரொட்டின் நீளம் 5.7 அங்குலம். 6000 சுற்றில் பிஸ்டன் மேல் முனையில் நின்று திரும்பும் கணத்தில் அதன் மீது வரும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 2300 மடங்கு. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ என்று வைத்தால், அந்தக் கணத்தில் கொன்ரொட்டை இழுக்கும் பாரம் ஒன்றேமுக்கால் தொன். அது அந்தக் காரின் முழு எடையைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவு பாரமும் கொன்ரொட்டின் அடியிலுள்ள இரண்டு போல்ட்டுகளிலும், கீழ்த் தொப்பிக்குள் கிடக்கும் ஒரு மெல்லிய பெயாரிங் ஓட்டிலும், விநாடிக்கு 100 தடவை வந்து விழுகிறது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கால் மிதியில் இருக்கும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, மேல் முனையில் எரிந்த வாயுவின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அதனால் அந்த ஒரு முறை இழுவிசை தணிகிறது. காலை எடுத்துவிட்டால் அந்தத் தணிவு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொன்ரொட் முழு இழுவையையும் தானே தாங்க வேண்டும். எனவே உயர்ந்த சுற்றில் சடுதியாகக் காலை எடுக்கும்போது எஞ்சின் ஓய்வெடுக்கிறது என்று நினைப்பது தவறு. கொன்ரொட் போல்ட்டுக்கும் கீழ்ப் பெயாரிங்குக்கும் கடினமான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது.

மருமகன் ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கென்று ஊருக்கு வந்தபோது, பயணப் பெட்டிக்குள் எல்லாப் பெயாரிங் ஓடுகளையும் கொண்டுவந்திருந்தார். தீர்த்தம் முடிந்த அடுத்த நாள் காலை கராஜுக்கு வந்து, "மாமா, இதையெல்லாம் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க, அங்க ஆளுக்கொரு கதை சொல்றாங்க" என்றார். ஒவ்வொரு சோடியையும் தனித்தனியாகச் சுற்றி, சிலிண்டர் இலக்கத்தையும் மேல், கீழ் என்பதையும் முதுகில் எழுதி வைத்திருந்தார். கழற்றும்போதே இலக்கமிட்டு வைக்கிற பழக்கம் உள்ளவரிடம்தான் எஞ்சின் தன் கதையைச் சொல்லும்; எல்லாவற்றையும் ஒரே தகரத்துக்குள் கொட்டிக்கொண்டு வருபவருக்கு நான் எதைச் சொன்னாலும் அது ஊகமாகவே இருக்கும்.

மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, முன்பக்கச் சிலிண்டரிலிருந்து பின்பக்கம் வரை வரிசையாக வைத்தோம். இந்த வகைப் பெயாரிங் மூன்று படைகளால் ஆனது. முதுகு உருக்கு; அதன் மேல் செம்பும் ஈயமும் கலந்த படை; எல்லாவற்றுக்கும் மேலே 0.025 மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பில் மங்கிய சாம்பல் நிறமான மென்படை. நல்ல பெயாரிங் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில், பளபளப்பு இல்லாமல் இருக்கும். செம்பு நிறம் தெரிகிறது என்றால், ஒயில் படலம் எங்கோ அறுந்து, ஜேர்னல், அதாவது கிராங்கில் கொன்ரொட் பூட்டப்படும் உருளைப் பகுதி, நேரடியாகப் பெயாரிங்கில் தொட்டுத் தேய்த்துவிட்டது என்று அர்த்தம். மேசையிலிருந்த மேல் ஓடுகள் ஏறக்குறைய எல்லாமே சாம்பல் நிறத்திலேயே இருந்தன. கீழ் ஓடுகள்தான் தேய்ந்திருந்தன. பின்பக்கத்து ஏழாம், எட்டாம் இலக்கங்களில் நடுவில் ஒரு மெல்லிய மினுக்கம் மட்டும். ஐந்திலும் ஆறிலும் அந்த மினுக்கம் அகன்றிருந்தது. மூன்றிலும் நான்கிலும் செம்பு ஆங்காங்கே திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஒன்றாம் இலக்கத்தில் கீழ் ஓடு முழுவதும் செம்பாகவே இருந்தது. இரண்டாம் இலக்கம் பெயாரிங் என்று சொல்லும் நிலையில் இல்லை. இரண்டு ஓடுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தகடுபோல் நசுங்கி, நீலமும் கறுப்புமாக வெந்து போயிருந்தன.

மேல் ஓடுகள் நன்றாக இருந்ததால் ஒரு சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. பெற்றோல் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடித்திருந்தால், அந்த அடி மேல் ஓடுகளில்தான் விழுந்திருக்கும். தீ பற்றும் நேரத்தை முன்னுக்குத் தள்ளி வைத்ததால் உடைந்தது என்று அங்கே யாரோ சொன்ன கதை அதனால் நிற்கவில்லை. மேலிருந்து தள்ளும் விசை இந்த எஞ்சினைக் கெடுக்கவில்லை. கீழே இழுக்கும் விசை, ஒயில் இல்லாத நேரத்தில், கெடுத்திருக்கிறது. தேய்மானம் முன்பக்கத்தில் கூடிக்கொண்டு போனதும் இதோடு பொருந்துகிறது. இந்த எஞ்சினில் ஒயில் பம்ப் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒயில் பின்னாலிருந்து முன்னால் ஓடி வருகிறது. ஒன்றாம், இரண்டாம் கொன்ரொட்டுகள் இரண்டும் ஒரே ஜேர்னலில், அந்த வழியின் கடைசியில் நிற்கின்றன.

இரண்டாம் இலக்கப் பெயாரிங் ஏன் தன் இடத்தில் நிற்காமல் சுற்றியது என்று மருமகன் கேட்டார். ஓட்டின் ஓரத்திலுள்ள சிறிய நாக்கு உடைந்ததால் அது சுற்றிவிட்டது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நம்மூரிலும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்த நாக்கு, ஓட்டைப் பொருத்தும்போது சரியான இடத்தில் வைப்பதற்கு மட்டுமே. பெயாரிங்கை அசையாமல் பிடித்து வைத்திருப்பது அதன் இறுக்கம்: ஒவ்வொரு பாதி ஓடும் அரைவட்டத்தைவிட மயிரிழை நீளமாகச் செய்யப்பட்டிருக்கும், போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்கும்போது இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று நெருக்கி, கொன்ரொட்டின் உட்சுவரில் அழுந்தி நிற்கும். ஒயில் அறுந்து சூடு ஏறினால் ஓடு அந்த இறுக்கத்தை இழந்துவிடுகிறது; ஜேர்னலோடு ஒட்டிக்கொண்டு கொன்ரொட்டுக்குள் சுற்றத் தொடங்குகிறது; சுற்றியதும் ஒயில் துளை மூடிக்கொள்கிறது. அதன் பிறகு அந்தச் சிலிண்டருக்கு விநாடிகள்தான் மிச்சம்.

ஆனால் ஒயில் ஏன் அறுந்தது? எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும் சம்ப்பில் ஒயில் குறையவில்லை. அன்று காலையிலும் டிப்ஸ்ரிக் பார்த்து நிரப்பியிருந்தார். பம்ப்பும் புதியது. இங்கேதான் அவருடைய கைத்தொலைபேசிக் காணொளி உதவியது. ஒவ்வொரு ஓட்டத்தின்போதும் மீற்றர்கள் தெரியும்படி அதைப் பூட்டி வைத்திருந்திருக்கிறார். ஓடும்போது கண் பாதையில்தான் இருக்க வேண்டும் என்பதால் அவர் மீற்றரைப் பார்க்கவில்லை. ஆனால் காணொளி பார்த்திருந்தது. கராஜின் கதவைச் சாத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, கடைசி ஓட்டத்தைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்த்தோம். புறப்படும்போது ஒயில் அழுத்த மீற்றர் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலில் அசையாமல் நிற்கிறது. இரண்டாம் கியரிலும் அப்படியே. மூன்றாம் கியரில், எல்லைக்கோட்டை நெருங்கும்போது, 55க்கும் 60க்கும் இடையில் ஊசி இலேசாக நடுங்குகிறது. எல்லைக்கோடு போகிறது, எஞ்சினின் சத்தம் மாறுகிறது, காரின் மூக்கு கீழே குனிவது, கண்ணாடியில் அடிவானம் மேலே எழும்புவதில் தெரிகிறது. அந்தக் கணத்திலேயே ஊசி 20க்குக் கீழே விழுகிறது. அப்போது சுற்று மீற்றர் இன்னும் 4700ஐக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் சுற்றுக்குப் பத்து இறாத்தல் என்பது இந்த வி-8 எஞ்சின்களைக் கட்டுபவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. அதன்படி அங்கே 47 இருந்திருக்க வேண்டும். ஊசி மீண்டும் எழும்பவில்லை. முதலில் மெல்லிய தட்டல், பிறகு கனத்த தட்டல், பிறகு அந்தச் சத்தம்.

அதே நாளின் முந்தைய ஓட்டங்களையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே இடத்தில் ஊசி விழுந்திருந்தது. ஆனால் அவற்றில் 35 அளவில் விழுந்து, உடனே திரும்ப எழும்பியிருந்தது. ஒன்றாம் இலக்கப் பெயாரிங்கின் செம்பு நிறம் அந்த ஓட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் காரின் சம்ப் பின்பக்கம் ஆழமானது, முன்பக்கம் தட்டையானது. முன்னால் குறுக்குச் சட்டமும் ஸ்டியரிங் கம்பிகளும் போவதால் அப்படித்தான் வைக்க முடியும். ஒயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் பின்பக்க ஆழத்தில் கிடக்கிறது. கார் பாய்ந்து புறப்படும்போது ஒயில் பின்னால் ஒதுங்கி ஸ்ட்ரெய்னரின் மேல் குவிகிறது. ஆகவே புறப்பாட்டில் இந்த எஞ்சினுக்கு ஒயில் பஞ்சம் வருவது அரிது. பிரேக் பிடிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. புவியீர்ப்பில் பத்தில் ஆறு பங்கு அளவுக்குப் பிரேக் பிடித்தால், சம்ப்புக்குள் ஒயிலின் மேற்பரப்பு ஏறக்குறைய 31 பாகை சாய்ந்து நிற்கும். ஒயில் முழுவதும் முன்பக்கத் தட்டைக்குள் ஓடிவிடும். அத்தோடு, பதின்மூன்று விநாடி உயர் சுற்றில் ஓடிய எஞ்சினில் கணிசமான ஒயில் இன்னும் மேலே வால்வு மூடிகளுக்குள்ளும், சுற்றுகிற கிராங்கைச் சூழ்ந்து தெறித்துக்கொண்டும் இருக்கும். அது கீழே இறங்கி வருவதற்கு நேரம் எடுக்கும். சம்ப்பிலும் வடிகட்டியிலுமாக மொத்தமே 4.7 லீற்றர் உள்ள எஞ்சின் இது. இருப்பதில் ஒரு பங்கு மேலே, மிச்சம் முன்னாலே, ஸ்ட்ரெய்னர் காற்றில். புதிய பம்ப் போட்டிருந்தேனே என்று மருமகன் வருத்தத்தோடு சொன்னார். ஸ்ட்ரெய்னரின் வாய் காற்றில் நின்றால், எவ்வளவு நல்ல பம்ப்பும் காற்றைத்தான் நன்றாக இறைக்கும்.

4800 சுற்றில் உச்ச வலு கொடுக்கும்படி, வீதியில் ஓடுவதற்கென்று கட்டிய எஞ்சினுக்கு அந்தச் சம்ப் தாராளமாகப் போதும். வீதியில் யாரும் 6000 சுற்றிலிருந்து சடுதியாக முழுப் பிரேக் பிடிப்பதில்லை.

அப்படியானால் ஓடுபாதையில் அவர் ஏன் அவ்வளவு இறுக்கமாகப் பிரேக் பிடித்தார்? எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிறுத்துவதற்கென்று நீண்ட பாதை இருந்தது. அதில் முதலாவது திரும்புவழி அருகில். கடைசித் திரும்புவழி தூரத்தில். முதலாவதில் திரும்பினால் வரிசைக்குச் சீக்கிரம் வரலாம், அடுத்த ஓட்டத்தை விரைவில் ஓடலாம். அன்றுதான் அவருடைய நேரம் முதன்முறையாக 13 விநாடிக்குக் கீழே, 12.9க்கு இறங்கியிருந்தது. அந்த உற்சாகத்தில், அந்த நேரத்தை இன்னும் குறைக்கலாம் என்ற அவசரத்தில், முதலாவது திரும்புவழியைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். மணிக்கு 169 கிலோமீற்றரிலிருந்து அந்த இறுக்கத்தில் நிறுத்த 190 மீற்றர் போதும். அதில் பாதி இறுக்கத்தில் நிறுத்தினால் 375 மீற்றர் வேண்டும். ஆனால் ஒயிலின் சாய்வு 17 பாகையாகக் குறைந்துவிடும். அந்த 185 மீற்றர் பாதை அங்கே வெறுமனே கிடந்தது. இதை அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டியபோது, நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடைந்த பிறகு அவர் செய்தவை எல்லாம் சரியானவை என்பதையும் எழுத வேண்டும். கொன்ரொட் முறிந்து பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கொதிக்கும் ஒயில் முழுவதும் காரின் அடியில் கொட்டியது. முன்பக்க எஞ்சின் உள்ள காரில் அந்த ஒயில் நேரே போய்ச் சேருமிடம் தன்னுடைய பின் டயர்கள். எஞ்சின் உடைவதில் ஆளுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இரும்புத் துண்டுகளால் அல்ல, இந்த ஒயிலால். அவர் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, இக்னிஷனை மட்டும் நிறுத்தி, நேர்கோட்டில் உருளவிட்டு, தன் தடத்தின் சுவர்ப் பக்கமாக நிறுத்தியிருக்கிறார். எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கின் உதவியும் ஓரிரு மிதிப்புகளுக்குத்தான் மிஞ்சும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. 13.99 விநாடியும் அதைவிட வேகமும் ஓடுபவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம் என்ற அமெரிக்கத் தேசிய ஹொட் ரொட் சங்கத்தின் விதியைப் பல ஓடுபாதைகள் பின்பற்றுகின்றன. அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார், இருக்கைப் பட்டியும் இறுக்கமாக இருந்தது. அடுத்த சோடிக் கார்களை உடனே நிறுத்திவிட்டு, பணியாளர்கள் வந்து ஒயில் உறிஞ்சும் தூளைக் கொட்டிப் பாதையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. என் அக்கா அந்தக் காணொளியைப் பார்க்க மறுத்துவிட்டார். அவருக்கு மகனின் குரலைக் கேட்டதே போதும்.

நம்முடைய பிள்ளைகளுக்கு இதில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பெற் வீதிகள் வந்த பிறகு, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நீண்ட நேர்ப் பாதைகளில் இரவில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் விட்டுப் பார்க்கிற ஆசை இளைஞர்களிடம் இருக்கிறது. என் கராஜிலேயே வந்து, "எவ்வளவு ஓடும் அண்ணன்?" என்று கேட்கிறார்கள். வேகத்தின் மீதுள்ள ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது இருக்கிறது. ஆனால் மருமகனின் எஞ்சின் உடைந்த அதே கணம் நம்முடைய வீதியில் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நம் வீதியில் நிறுத்துவதற்கென்று காலியாக விட்ட பாதை இல்லை, சுவர் இல்லை, தூள் கொட்ட ஆள் இல்லை. அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியில் நெல் காயும். இரவில் மாடுகள் தாரில் படுத்திருக்கும். விளக்கில்லாத சைக்கிளில் யாராவது வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய்க்கொண்டிருப்பார்கள். ஒயிலில் வழுக்கிப் போகும் கார் இவர்களில் யார் மீது போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

எஞ்சின் விடயத்திலும் இது தூரத்துக் கதை அன்று. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில், பிபிலைக்கு அப்பால் லுணுகலை, பசறை மலை வளைவுகளில் ஏறி இறங்கிய வான்கள் பெயாரிங் தட்டலோடு எங்களிடம் வருவதுண்டு. விசாரித்தால், டிப்ஸ்ரிக்கின் கீழ்க் கோட்டுக்கும் கீழே ஒயில் இருந்திருக்கும். தாழ்ந்த கியரில், உயர்ந்த சுற்றில், முழு ஆட்களோடு இறக்கத்தில் வந்திருப்பார்கள். இறக்கமும் பிரேக்கும் வளைவும் சேர்ந்து ஒயிலை ஒதுக்கிவிட, ஸ்ட்ரெய்னர் காற்றை இழுத்திருக்கும். ஒயில் விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பார்கள். அந்த விளக்கு அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போன பிறகுதான் எரியும். உயர் சுற்றில் 20 இறாத்தல் இருந்தாலும் அதற்கு எல்லாம் நலம். மறுபக்கத்தில், 2000 சுற்றை ஒட்டியே ஓடுகிற நம்முடைய உழவு இயந்திரங்கள், சேற்றில் நாள் முழுவதும் முழுப் பாரம் இழுத்தும், அதே பெயாரிங்கோடு பல போகம் ஓடுகின்றன. அவை இழுக்கிற பாரம் பெரியது, சுற்று சிறியது. வலுவை மட்டும் குற்றம் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மருமகனின் பிளாக் இனி உதவாது. பக்கச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கிராங்கைக் கிரைண்ட் செய்து, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது பங்கு சிறுத்த ஜேர்னலுக்கான பெயாரிங் போட்டு எடுக்கலாமா என்று கேட்டார். முதலாம் ஜேர்னல் நீலமாக வெந்திருந்ததைப் படத்தில் பார்த்தேன். அவ்வளவு சூடு கண்ட கிராங்கை ஒரு வீதி வண்டிக்குக்கூட நான் போட மாட்டேன், 6000 சுற்றுக்கு எப்படிப் போடுவது? வேண்டாம் என்றேன். வேறு ஒரு 350 பிளாக்கும் கிராங்கும் எடுத்து, அங்குள்ள பட்டறையில் கொடுத்திருக்கிறார். கொன்ரொட் பெயாரிங்கின் இடைவெளி, ஜேர்னலின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கின்படி, 2.1 அங்குல ஜேர்னலுக்கு ஆயிரத்தில் இரண்டிலிருந்து இரண்டரை வரை இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொன்றையும் மைக்ரோமீற்றரால் அளந்து எழுதித் தரச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். கொன்ரொட் போல்ட்டுகளைப் புதிதாகப் போடச் சொன்னேன். பழைய போல்ட் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அது எத்தனை முறை நீண்டு சுருங்கியது என்று யாருக்கும் தெரியாது.

சம்ப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். ஸ்ட்ரெய்னரைச் சுற்றித் தடுப்புத் தகடுகளும், ஒயிலை உள்ளே விட்டு முன்னால் ஓடவிடாமல் மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவுகளும் உள்ள, அகன்ற சம்ப்புகள் இந்த எஞ்சினுக்குக் கிடைக்கின்றன. அதில் மேலும் இரண்டு லீற்றரளவு ஒயில் கொள்ளும். அழுத்தம் விழும்போது தன்னிடமுள்ள ஒயிலைத் தள்ளிக் கொடுக்கும் சேமிப்பு உருளையும் பூட்டலாம். ஆனால் சம்ப்பைச் சரிசெய்யாமல் அதை மட்டும் பூட்டுவதை நான் விரும்பவில்லை. தொழிற்சாலை விளக்குக்குப் பதிலாக, 25 இறாத்தலுக்குக் கீழே விழுந்ததும் கண்ணுக்கு நேரே எரியும் பெரிய விளக்கு ஒன்றைப் பூட்டச் சொன்னேன்; சும்மா நிற்கும்போது அது எரியத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் காலை மெல்ல எடுத்து, கார் தானாகவே வேகம் குறைய விட்டு, கடைசித் திரும்புவழியில் திரும்பும்படி கேட்டுக்கொண்டேன். இதற்கு ஒரு சதம்கூடச் செலவில்லை.

ஒன்ராறியோவில் இப்போது பனிக்காலம். வசந்தம் வரும் வரை ஓடுபாதை மூடியிருக்கும். அதற்குள் எஞ்சினைக் கட்டி, முதலில் வீதியில் ஓட்டிப் பழக்கி, ஒயிலை மாற்றி, பழைய வடிகட்டியை வெட்டி உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஓடுபாதைக்குப் போவதாக மருமகன் சொல்லியிருக்கிறார். முதல் ஓட்டத்தின் மீற்றர் காணொளியையும் அனுப்புவார். பிரேக் பிடிக்கும் இடத்தில் ஊசி எங்கே நின்றது என்பதை அப்போது இங்கே எழுதுகிறேன்.